தோட்டத்துத் தரைக்கு எந்தக் கொடி?

வீட்டைச் சுற்றியிருக்கும் கொஞ்ச நிலத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் நகரங்களில் இன்று மூன்று விடைகளே புழங்குகின்றன. சிமென்ட் பூசுவது அல்லது இன்டர்லாக் கல் பதிப்பது ஒன்று. கொரியன் புல் விரிப்பது இன்னொன்று. எதுவும் செய்யாமல் மண்ணை வெயிலுக்கு விட்டுவிடுவது மூன்றாவது. கல் பதித்தால் மழைநீர் தெருவுக்கு ஓடுகிறது. புல் விரித்தால் கோடையில் தண்ணீர் லாரியை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. சும்மா விட்டால் பார்த்தீனியமும் கோரையும் வந்து குடியேறுகின்றன.

நான்காவது விடை ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, தரையோடு தரையாகப் படர்ந்து, மண்ணை மூடி வைக்கும் சிறு செடிகள். இவற்றைத் தரைமூடிச் செடிகள் என்று அழைக்கலாம். மேலை நாட்டுத் தோட்டக்கலை நூல்கள் இவற்றைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. அங்கே சொல்லப்படும் செடிகளோ பெரும்பாலும் குளிர்நாட்டுக்கு உரியவை. பத்து மாதம் வெயிலும் இரண்டு மாதம் அடைமழையும் வாங்கும் தமிழ்நாட்டு மண்ணுக்கு எந்தச் செடி பொருந்தும், எது ஆபத்தாக முடியும், எப்படி நடுவது என்பதை இங்கே தொகுத்துப் பார்க்கலாம்.

மூடிய தரை செய்யும் வேலை

சித்திரை, வைகாசி மதியத்தில் வெற்று மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. அந்தச் சூட்டில் மண்ணின் மேலடுக்கில் நுண்ணுயிர்களும் மண்புழுக்களும் தாக்குப்பிடிப்பதில்லை. மரங்களின் மெல்லிய உணவு வேர்களும் வாடுகின்றன. ஒரு சாண் உயரம்கூட இல்லாத இலைப் பரப்பு மேலே இருந்தாலே நிலைமை மாறிவிடுகிறது. வெயில் இலையில் விழுகிறது; இலை விடும் நீராவி சுற்றுக் காற்றைக் குளிர்விக்கிறது; மண்ணின் ஈரம் நேராக ஆவியாவது குறைகிறது.

மழைக்காலத்தில் இதன் பயன் இன்னும் பெரிது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, ஐப்பசியை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்க்கிறது. கனத்த மழைத்துளி வெற்று மண்ணில் விழும்போது மண்கட்டியை உடைத்துத் தூளாக்குகிறது. அந்தத் தூள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ள, மேலே ஓர் ஏடு படிந்து இறுகுகிறது. அதன்பின் பெய்யும் மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. இலைகள் துளியின் வேகத்தைத் தடுத்துவிட்டால் இந்த ஏடு படிவதில்லை. 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரைக் குழாய் வழியே குழிக்கு அனுப்பக் கற்றுக்கொண்ட நாம், முற்றத்தில் விழும் நீரை அந்த இடத்திலேயே குடிக்க வைக்கும் வழியைப் போதுமான அளவு யோசிக்கவில்லை.

களையை அடக்குவது மூன்றாவது பயன். களை விதைகளில் பல, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். அடர்ந்த இலைப் பாய் அந்த வெளிச்சத்தை மறித்துவிடுகிறது.

புல்தரையும் இதையெல்லாம் செய்யும். ஆனால் தமிழ்நாட்டுக் கோடையில் புல்தரையைப் பசுமையாக வைத்திருக்கச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படும். 50 சதுர மீட்டர் புல்வெளிக்கு அது 200 லிட்டருக்கு மேல். குடிதண்ணீருக்குக் குடம் பிடிக்கும் ஊரில் அந்தச் செலவை நியாயப்படுத்துவது கடினம்.

படரும் விதமே முதல் பாடம்

தரைமூடிச் செடி வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது எப்படிப் பரவுகிறது? இதற்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை, ஓடுதண்டால் பரவுபவை. தண்டு தரைக்கு மேலே ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு ஊன்றிக்கொள்ளும். பொடுதலை, வல்லாரை, நீர்ப்பிரமி ஆகியவை இந்த வகை. நகர்வது கண்ணுக்குத் தெரிவதால் இவற்றை அடக்குவது எளிது. எல்லை தாண்டிய தண்டைக் கத்தரித்து இழுத்தால் வந்துவிடும்.

இரண்டாவது வகை, மண்ணுக்குள் மட்டநிலத் தண்டு விட்டுப் பரவுபவை. அருகம்புல் மேலேயும் ஓடும், கீழேயும் ஓடும். அதனால்தான் அதை ஒருமுறை பாத்தியில் விட்டால் எடுப்பது பெரும்பாடு. இப்படிப்பட்டவற்றுக்குத் தரைமட்டத்தில் செங்கல் அடுக்குவது போதாது; மண்ணுக்குள்ளும் தடுப்பு வேண்டும்.

மூன்றாவது வகையில் ஒரே வேர்க்கட்டையிலிருந்து பல தண்டுகள் தரையில் சாய்ந்து விரியும். கணுவில் வேர் விடுவதில்லை. விஷ்ணுகிராந்தி இதற்கு எடுத்துக்காட்டு. இது எங்கும் ஊடுருவாது. ஆனால் ஒரு செடி மூடும் பரப்பும் சிறியதுதான்.

படரும் வேகமே இந்தச் செடிகளின் குணம். அதுவே இவற்றின் குற்றமாகவும் ஆகக்கூடியது. மூன்றே மாதத்தில் தரையை மூடும் செடி, நான்காவது மாதம் வேலியைத் தாண்டப் பார்க்கும். மண்ணோடு பழகிய செடியையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கும், எல்லையைக் காக்கும் கை ஒன்று எப்போதும் இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

வெயிலுக்குப் பொடுதலை

முழு வெயில் படும் சமதரைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது பொடுதலை. தாவரவியலில் பைலா நோடிஃபுளோரா என்பார்கள். உன்னிச்செடி இடம்பெறும் வெர்பினேசி குடும்பத்தைச் சேர்ந்தது. வாய்க்கால் கரை, வயல் வரப்பு, குளத்தங்கரை என்று ஈரம் வந்து போகும் எல்லா இடங்களிலும் நம் ஊரில் தானாக வளர்வது. இலை சிறியது; அடியில் குறுகி நுனியில் அகன்று, மேல்பாதியில் பல்விளிம்பு கொண்டது. இலைக்கக்கத்திலிருந்து மெல்லிய காம்பு எழுந்து, அதன் தலையில் வெள்ளையும் இளஞ்சிவப்புமான சிறு பூக்கள் வளையமாகச் சுற்றிப் பூக்கும். வெயிலில் வளர்ந்தால் 10, 15 செ.மீ. உயரத்தைத் தாண்டுவது அரிது.

இதன் பலம் அது பிறந்த இடத்தில் இருக்கிறது. குளத்தங்கரைச் செடி கார்த்திகையில் தண்ணீரில் நிற்கிறது; பங்குனியில் வெடித்த மண்ணில் நிற்கிறது. இரண்டையும் தாங்கிப் பழகியது. கடும் வறட்சியில் இலை பழுப்பேறிக் காய்ந்தது போலத் தோன்றினாலும், ஊன்றிய கணுக்களிலிருந்து அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். ஓரளவு உப்புத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்வதால் கடலோர ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீருக்கும் ஏற்றது.

பூக்கள் சிறியவை என்றாலும் தேனீக்களும் சிறு வண்ணத்துப்பூச்சிகளும் நாள் முழுக்க வந்துபோகும். மயில் வசீகரன் என்ற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் உண்ணும் செடிகளில் பொடுதலையும் ஒன்று. பொடுகுக்குப் பொடுதலைச் சாற்றை எண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பது வீடுகளிலும் சித்த மருத்துவத்திலும் இன்றும் உள்ள வழக்கம். அழகுக்கு வளர்க்கும் செடி மருந்துக்கும் ஆகிறது.

ஜப்பானில் உட்சுனோமியா பல்கலைக்கழகத்தில் இந்தச் செடியின் ஜப்பானிய வகையிலிருந்து, விதை கட்டாத ரகம் ஒன்றை உருவாக்கினார்கள். குராபியா என்ற பெயரில் அது வணிகமாகி, வறட்சியால் புல்வெளிகளைக் கைவிட்ட கலிபோர்னியாவில் புல்லுக்கு மாற்றாக நடப்படுகிறது. அங்கே காப்புரிமையோடு விலைக்கு விற்கப்படும் செடியின் உறவு, இங்கே வரப்பில் மிதிபட்டுக் கிடக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். நிழலில் பொடுதலை நீண்டு மெலிந்து, இடைவெளி விட்டு வளரும். எப்போதாவது நடப்பதைத் தாங்கும். தினமும் விளையாடும் இடத்தைத் தாங்காது. பூக்கும் காலத்தில் தேனீ இருக்குமாதலால் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்தில் பூக்களை வெட்டிவிடுவது நல்லது.

ஈரம், வறட்சி, மணல், மரத்தடி

ஈரமும் அரைநிழலும் உள்ள இடத்துக்கு வல்லாரைக்கு ஈடில்லை. கிணற்றடி, துவைக்கும் கல் ஓரம், தொட்டிக் குழாயடி ஆகிய இடங்களில் அது தானே பாயாக விரியும். யாழ்ப்பாணத்தில் வல்லாரைச் சம்பல் அன்றாடச் சாப்பாட்டோடு சேர்ந்தது. நம் ஊரில் துவையலும் கூட்டும் ஆகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். வல்லாரை மண்ணிலுள்ள கன உலோகங்களை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் செடி. சாக்கடை நீர் பாயும் இடத்திலும் சாலையோரத்திலும் வளர்ந்ததை உண்ணக் கூடாது.

எப்போதும் ஈரம் சொதசொதக்கும் வெயில் இடத்துக்கு நீர்ப்பிரமி. தடித்த சிறு இலையும் வெளிர் ஊதாப் பூவும் கொண்டது. குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீர் விழும் மூலையைக்கூட இது பசுமையாக்கிவிடும். வெள்ளைப் பொன்னாங்கண்ணியும் இதே சூழலுக்கு உரியது. அடிக்கடி பறித்துச் சமைத்தால் அடர்ந்து படரும். பறிக்காமல் விட்டால் நீண்டு அலைபாயும்.

வறண்ட செம்மண், சரளை மேட்டுக்கு விஷ்ணுகிராந்தி. தண்ணீர் ஊற்றினால்தான் இதற்குச் சிரமம். காலையில் விரியும் நீலப் பூக்களுக்காகவே இதை வளர்க்கலாம். அடர்த்தியாகத் தரையை மூடாது என்பதால் கற்களுக்கிடையே, பாறைத் தோட்டங்களில் வைப்பது பொருத்தம். நர்சரிகளில் இதே சாயலில் பெரிய நீலப்பூவோடு விற்கப்படுவது தென்னமெரிக்க உறவுச் செடி.

கடற்கரை மணலில் வீடு கட்டியவர்களுக்கு அடம்பு. நெய்தல் திணைப் பாடல்களில் அடும்பு என்று வரும் அதே கொடி. மாட்டுக் குளம்பின் தடம் போல இரண்டாகப் பிளந்த இலையும் ஊதாப் பூவும் கொண்டு, பல மீட்டர் நீளத்துக்கு ஓடி, மணலைக் கட்டிப் பிடிக்கிறது. உப்புக் காற்று, கொதிக்கும் மணல் இரண்டையும் தாங்குவது. மணல்மேட்டைச் சமன்செய்து புல் விரிக்க நினைப்பவர்கள், அங்கே ஏற்கெனவே நிற்கும் அடம்பைப் பிடுங்காமல் விட்டாலே போதும்.

மரத்தடிக்கு, குறிப்பாகத் தென்னை, மா, சப்போட்டா நிழலுக்கு, அயல்நாட்டிலிருந்து வந்த ஒரு செடி நன்றாகப் பொருந்தியிருக்கிறது. அதுதான் பின்டாய் கடலை. நிலக்கடலையின் உறவான இதை 1954-ல் பிரேசிலின் பாகியா மாநிலத்தில் ஜெரால்டோ பின்டோ என்ற தாவரவியலாளர் சேகரித்தார். அவர் பெயரே செடிக்கும் வைக்கப்பட்டது. காற்றின் நைட்ரஜனை வேர்முண்டுகளில் நிலைநிறுத்துவதால் மண்ணுக்கு உரமாகிறது. மஞ்சள் பூ அழகு. கொடி மரத்தில் ஏறுவதில்லை. காய் மண்ணுக்குள்ளேயே கட்டுவதால் விதை காற்றில் பரவுவதும் இல்லை. ஆனால் நல்ல ஈரம் வேண்டும்; வறண்ட மாவட்டங்களில் கோடைப் பாசனமின்றிப் பிழைப்பது கடினம்.

சிங்கப்பூர் டெய்சி தரும் பாடம்

பூங்காக்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் அடுக்ககத் தோட்டங்களிலும் நம் கண்ணில் படும் தரைமூடிச் செடி, பெரும்பாலும் சிங்கப்பூர் டெய்சி. பளபளக்கும் பச்சை இலை, சூரியகாந்தியின் சிறு வடிவம் போன்ற மஞ்சள் பூ. எங்கும் வளரும், எதையும் தாங்கும், எவரும் கவனிக்க வேண்டாம். இந்தத் தகுதிகளே அதை ஆபத்தான செடியாக்கியிருக்கின்றன. மத்திய அமெரிக்காவையும் கரீபியத் தீவுகளையும் சேர்ந்த இது, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு வெளியிட்ட, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

இது விதையை அதிகம் நம்புவதில்லை. கணு உள்ள தண்டுத் துண்டு ஒன்று ஈரமண்ணில் விழுந்தால் போதும். தோட்டக்காரர் வெட்டிய கழிவைக் கால்வாயில் கொட்டினால், கால்வாய் நெடுகிலும் அது முளைக்கிறது. நீர்நிலை ஓரத்தை அடைந்தால் அங்கிருந்த பொடுதலை, வல்லாரை, நீர்ப்பிரமி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

இன்னொரு கெடுதலும் உண்டு. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி இதன் மிக நெருங்கிய உறவு. தெற்குச் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் இந்த இரண்டும் இயற்கையாகக் கலந்து கலப்பினம் உருவானதைத் தாவரவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஊடுருவி வந்தது இடத்தைப் பறிப்பதோடு நிற்காமல், உள்ளூர்ச் செடியின் மரபையும் கரைக்கக்கூடும் என்பது இதிலிருந்து தெரிகிறது. இங்கே சிங்கப்பூர் டெய்சியையே மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நம்பி வாங்கி வளர்ப்பவர்களும் கீரையாகச் சமைப்பவர்களும் இருக்கிறார்கள். வேறுபாடு கண்டுகொள்வது எளிது. டெய்சியின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்து, தடித்து மினுங்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை பிரியாமல் நீண்டு குறுகி, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். அரைநிழலில் வளர்க்க இந்த உள்ளூர்ச் செடி மிக நல்லது. ஆனால் அடையாளம் உறுதியான இடத்திலிருந்தே நாற்று வாங்க வேண்டும்.

நல்ல நோக்கத்தோடு நட்டது கெடுதலாக முடிந்த கதைகள் பல. 1876-ல் பிலடெல்பியா கண்காட்சிக்கு ஜப்பானிலிருந்து அழகுக்கொடியாக வந்த குட்சுவை, 1930-களில் மண்ணரிப்பைத் தடுக்க அமெரிக்க அரசே பணம் கொடுத்து நடச் சொன்னது; 1953-ல் பரிந்துரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்குள் கொடி மரங்களை மூடத் தொடங்கியிருந்தது. ஆஸ்திரேலியாவில் பொடுதலையின் தென்னமெரிக்க உறவான லிப்பியா, தோட்டச் செடியாக வந்து முர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகையின் வெள்ளச் சமவெளிகளில் பரவி, மேய்ச்சல் நிலத்தை அழித்துக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் உன்னிச்செடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக வந்து, இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளின் அடித்தளத்தை நிரப்பி நிற்கிறது. ஊடுருவல் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கையே வகுக்க வேண்டி வந்தது. காட்டில் பெருஞ்செலவு செய்து ஒன்றைப் பிடுங்கும் நாம், நகரில் இன்னொன்றை விலைகொடுத்து நடுவது சரியல்ல.

நடவும் பராமரிப்பும்

நடவுக்கு ஆவணி, புரட்டாசி உகந்த காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் செடி வேர் பிடித்திருக்கும். மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

முதல் வேலை களையெடுப்பு. இதில் அவசரப்பட்டால் பிறகு பல ஆண்டுகள் குனிந்து நிற்க வேண்டிவரும். கோரைக் கிழங்கும் அருகம்புல் தண்டும் மண்ணில் இருந்தால், அவை புதுக்கொடியின் ஊடே முளைத்துவிடும். அப்போது ஒன்றைப் பிடுங்க மற்றதும் வரும். மண்ணை ஒரு முழ ஆழம் கொத்தி, கிழங்குகளைப் பொறுக்கி, தண்ணீர் விட்டு மறுபடி முளைக்க வைத்து, மீண்டும் பொறுக்க வேண்டும். கோடையிலேயே தொடங்கினால் கொத்திய நிலம் வெயிலில் காய்ந்து பாதி வேலை குறையும்.

பிறகு மக்கிய தொழு உரத்தை மேலாகக் கலந்து மண்ணைச் சமன் செய்யலாம். ஓடுதண்டுச் செடிகளுக்கு நாற்று வாங்க வேண்டியதில்லை. மூன்று நான்கு கணுக்கள் உள்ள, விரல் நீளத் தண்டுத் துண்டுகளை எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து ஊன்றினால் போதும். ஓர் அடி இடைவெளியில் சதுர மீட்டருக்குச் சுமார் 11 துண்டுகள் பிடிக்கும். சீக்கிரம் மூட வேண்டுமென்றால் 20 செ.மீ. இடைவெளியில் 25 துண்டுகள். இடையிலுள்ள மண்ணை வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பி மூடிவிட வேண்டும்.

முதல் மூன்று வாரம் தினமும் நீர் தெளிக்க வேண்டும். துளிர் ஓடத் தொடங்கியதும் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மண் காயக் காய என்று குறைக்கலாம். இந்தக் கட்டத்தில் முளைக்கும் களையை விடாமல் எடுத்தால், பாய் விரிந்தபின் வேலை மிகக் குறைவு. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மேலாக வெட்டிவிட்டால் பொடுதலை அடர்ந்து நிற்கும்.

இளமரங்களைச் சுற்றி இரண்டடி வட்டத்தையும், காய்க்கும் தென்னையைச் சுற்றி உரம் வைக்கும் வட்டப் பாத்தியையும் காலியாக விட வேண்டும். இல்லாவிட்டால் மரத்துக்குப் போக வேண்டியதைக் கொடி எடுத்துக்கொள்ளும். வெட்டிய கழிவை உரக்குழியில் போடும் முன் வெயிலில் முறுகக் காய வைப்பது நல்லது. எந்தக் காரணத்துக்காகவும் கால்வாயிலோ ஏரியிலோ கொட்டக் கூடாது.

தயங்குவோர் கேட்பவை

பாம்பு வராதா? இந்தக் கேள்வி நியாயமானது. சாணம் தெளித்துக் கூட்டி, கோலம் போடும் வெற்று முற்றம் அழகுக்காக மட்டும் உருவானதல்ல. தரையில் ஊர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற பாதுகாப்பு உணர்வும் அதில் இருக்கிறது. அந்த அறிவை விட வேண்டியதில்லை. வாசலைச் சுற்றியும் நடைபாதையின் இருபுறமும் மூன்றடி அகலத்துக்குத் தரையைக் காலியாக வைத்து, அதற்கு அப்பால் கொடியைப் படரவிடலாம். விரல் உயரப் பொடுதலைப் பாயைவிட, முழங்கால் உயரம் வளர்ந்த டெய்சிப் புதரும், அடுக்கிக் கிடக்கும் செங்கலும் விறகும், எலி நடமாட்டமும்தான் பாம்பை அழைப்பவை. இரவில் கைவிளக்கு இல்லாமல் எந்தத் தோட்டத்திலும் இறங்கக் கூடாது.

கொசு பெருகாதா? கொசு தேங்கிய நீரில்தான் முட்டையிடும். தரை சமமாக இருந்து நீர் தேங்காவிட்டால் கொடியால் கொசு பெருகாது.

எல்லா மண்ணையும் மூடிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. உலகின் தேனீ இனங்களில் பெரும்பான்மை மண்ணில் வளை தோண்டி வாழும் தனித்தேனீக்கள். அவற்றுக்கு வெயில்படும் வெற்று மண் தேவை. தோட்டத்தின் ஒரு மூலையைக் கொத்தாமல், மூடாமல், நனைக்காமல் விட்டுவைப்பது அவற்றுக்குச் செய்யும் உதவி.

முடிவாக

இந்த மதிப்பீட்டின் சாரம் சுருக்கமானது. செடியின் அழகைப் பார்க்கும் முன் இடத்தின் வெயிலையும் ஈரத்தையும் பார்க்க வேண்டும். வெயிலுக்குப் பொடுதலை, ஈர நிழலுக்கு வல்லாரை, சேற்றுக்கு நீர்ப்பிரமி, சரளைக்கு விஷ்ணுகிராந்தி, மணலுக்கு அடம்பு என்று நம் நிலத்திலேயே விடைகள் இருக்கின்றன. நீர் கொடுக்க முடிகிற மரத்தடிக்குப் பின்டாய் கடலை. சிங்கப்பூர் டெய்சியைப் புதிதாக எங்கும் நடக் கூடாது. இருப்பதை வேரோடு அகற்றி, காய வைத்து அழிக்க வேண்டும்.

தனி வீட்டுக்காரர் ஒருவர் மாறினால் ஒரு முற்றம் மாறும். பூங்கா அமைக்கும் நகராட்சிகளும் நடுத்திட்டில் செடி வைக்கும் ஒப்பந்ததாரர்களும் மாறினால் ஊரே மாறும். அவர்கள் நாற்று கேட்பதால்தான் நர்சரிகள் டெய்சியை வளர்க்கின்றன. பொடுதலை கேட்டால் அதையும் வளர்ப்பார்கள். அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளே உள்ளூர்த் தரைமூடிச் செடிகளைத் தொட்டிகளில் வளர்த்து, சரியான பெயரெழுதி விற்பனைக்கு வைக்கலாம். அதற்குப் பெரிய நிதியோ ஆராய்ச்சியோ தேவையில்லை. ஏரிக்கரையிலிருந்து ஒரு கூடைத் தண்டு போதும். அடுத்த முறை நர்சரிக்குப் போகும்போது நாமும் பெயர் சொல்லிக் கேட்போம்.